பேச வராதவன் பேசிய பேச்சு

போன வருடம் மழைக்காலம் தொடங்கிய சமயம், குரோம்பேட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் நடந்தது இது. அந்தக் கட்டடத்தின் முதல் மாடியில் பிசியோதெரபி, அதற்கு மேலே கவுன்சலிங் சென்டர். சனிக்கிழமை மாலைகளில் நான் போனது மேல் மாடிக்கு. தெருக்காரர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது? எனக்கு முட்டி வலி, அவ்வளவுதான். நான் குடியிருக்கும் தாம்பரத்தில் பாதிப் பேருக்கு முட்டி வலி இருக்கிறது, யாரும் சந்தேகப்படப் போவதில்லை.

உண்மையான கோளாறு என் தொண்டையில். மறைமலைநகர் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மெஷினைப் பற்றிக் கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். ஆனால் ஷிப்ட் இன்சார்ஜ் ஆகிவிட்டால் தினமும் காலையில், உற்பத்தி லைன் ஓடத் தொடங்கும் முன், அத்தனை பேரையும் நிற்கவைத்து அவர்கள் முன்னால் பேச வேண்டும். நேற்று எங்கே கோட்டை விட்டோம், இன்று என்ன ஓட்ட வேண்டும் என்று. அதற்குப் பயந்தே, அந்தப் பதவி தேடி வந்தபோதெல்லாம் வீட்டுச் சூழ்நிலை சரியில்லை என்று சொல்லிக் கும்பிடு போட்டுவிட்டேன். என்னிடம் வேலை பழகியவர்கள் எனக்கு மேலே போனார்கள். நமக்குத் தன்னடக்கம் அதிகம் என்று தேற்றிக்கொண்டேன். பொறுத்துப் பார்த்த என் மனைவிதான் என்னை இந்த சென்டருக்குத் தள்ளிவிட்டாள்.

அந்த வாரம் மேனேஜர் மறுபடியும் கூப்பிட்டார். "திங்கக்கிழமை பதில் சொல்லுங்க சார். இதுக்கு மேல உங்களைக் கேக்க மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்வதாக முடிவு செய்துகொண்டுதான் அந்தச் சனிக்கிழமை படியேறினேன்.

நாங்கள் ஒரு சிறு குழு. கவுன்சலர் மேடம் எங்களை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரச் சொன்னார். "உங்க மேல நம்பிக்கை இல்லாதப்போ, உங்களை நீங்களே மனசுக்குள்ள என்னெல்லாம் சொல்லிக்கிறீங்களோ, அதை எதிர்ல இருக்கிறவர்கிட்ட சத்தமா சொல்லுங்க. இப்போதைக்கு அவர்தான் நீங்க" என்றார்.

எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். ஒரு விபத்துக்குப் பிறகு வண்டியைத் தொட்டாலே கை நடுங்குகிறது என்று வந்திருந்தார். ஆள் ஆஜானுபாகு, முறுக்கு மீசை. தெருவில் பார்த்தால் நான் ஒதுங்கிப் போயிருப்பேன். நான் தயங்குவதைப் பார்த்து அவரே சிரித்தார். "சொம்மா சொல்லு சார். நான் ஒண்ணியும் நெனச்சுக்க மாட்டேன்."

மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். "நீ எதுக்குய்யா லாயக்கு? உன் மூஞ்சிக்கு இன்சார்ஜ் வேலை ஒரு கேடா? நீ வாயைத் திறந்தா ஊரே சிரிக்கும். ஏதோ பாவம் பார்த்து உன்னை வேலையில வெச்சிருக்காங்க. உன்னை நம்பிக் கழுத்தை நீட்டினா பாரு, அவளைச் சொல்லணும். உங்கப்பா என்னவா இருக்காருன்னு யாராவது கேட்டா, உன் புள்ள தலையைக் குனிஞ்சுதான் நிக்கணும். தண்டச்சோறு..."

நிறுத்த முடியவில்லை. ஒன்று முடியும் முன் அடுத்தது வந்து விழுந்தது. கையை வேறு நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். மற்றவர்கள் தங்கள் பேச்சை விட்டுவிட்டு எங்களையே பார்ப்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

"போதும் சார்."

அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு எப்போதோ போயிருந்தது. தோள் இரண்டும் குறுகி, கண் கலங்கி உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர்.

"எங்க நைனா குடிச்சுட்டு வந்துகூட என்னை இப்டி பேசினதில்ல சார்" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டார். "இன்னா தப்பு சார் பண்ணான் அந்த ஆளு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திருடினேனா? யார் குடியையாவது கெடுத்தேனா? தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், "வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு மீட்டிங்ல பேச எழுந்தேன். பாதியில வார்த்தை வரல. எல்லாரும் சிரிச்சுட்டாங்க" என்றேன்.

"அதுக்கா சார் இவ்ளோ?"

கேலியே இல்லை அவர் குரலில். மேடம் ஏதோ சொன்னார், காதில் ஏறவில்லை. ஆட்டோக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன். "என்கிட்ட இன்னாத்துக்கு சார்?" என்றார்.

படியிறங்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. அவ்வளவு நேரம், அத்தனை பேர் நடுவில் பேசியிருக்கிறேன். ஓர் இடத்தில்கூடத் தொண்டை அடைக்கவில்லை. அப்படியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கீழே பிசியோதெரபிக்கு வந்த ஒரு அம்மா, "ரொம்ப வலிக்குதாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். முதல் நாள் காலையில் பேசும்போது இரண்டு இடத்தில் திணறினேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், காது சூடானது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். லைன் நேரத்துக்கு ஓடியது. இன்றைக்கும் சில காலைகளில் திணறத்தான் செய்கிறேன்.

அவ்வளவு பெரிய மனிதர் கொஞ்ச நேரம்கூடத் தாங்க முடியாமல் கலங்கிய பேச்சை, நான் இத்தனை வருடமும் தினமும் கேட்டுக்கொண்டு, அதற்குத் தன்னடக்கம் என்று பெயர் வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.