டைரக்ட் போடப் போன கை

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மே மாதப் பிற்பகலில், கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. பசுவந்தனை ரோட்டை ஒட்டி, பருத்திக் காட்டைப் பிளாட் போட்டு விற்ற இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கரிசல் மண் கோடையில் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடிக்கும், ஒரு மழை பெய்தால் ஊதிச் சேறாகும். அதில் நட்ட மின்கம்பங்கள் எங்கள் தெருவில் எப்போதும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்களைப் பார்ப்பது போல இருக்கும்.

அப்போது என் மனைவியின் அண்ணன் எங்களோடு இருந்தார். மணியாச்சியில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் கொஞ்ச நேரம்கூடத் தாங்காத நிலைமை. அது கரண்டில் ஓடும் மெஷின். அறைக் காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். இருபத்து நான்கு மணி நேரமும் 'புஸ்... புஸ்' என்று அது விடும் மூச்சைக் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் தூங்குவோம்.

மெஷின் வந்த அன்று எலெக்ட்ரீஷியன் எங்கள் மெயின் போர்டு பக்கத்தில் ஒரு கட்-ஆஃப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார். வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறினால் அது தானாக வீட்டுக் கரண்டைத் துண்டித்துவிட்டு, ஒரு சிவப்பு விளக்கைக் காட்டும். எங்கள் பக்கத்தில் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் வோல்டேஜ் துள்ளும். உடனே பெட்டி 'டக்'. அதுவும் டிவி சீரியலில் யாரோ யாரையோ அறையக் கை ஓங்கும் நேரமாகப் பார்த்து 'டக்'. அதனால் தெருவில் பெட்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதைத் தாண்டி ஒரு துண்டு வயரைக் கொடுத்து, கரண்டை நேராக வீட்டுக்குள் விட்டுவிடுவார்கள். இதற்கு 'டைரக்ட் போடுவது' என்று பெயர்.

அதில் தெருவுக்கே நிபுணன் நான்தான். படித்தது பி.காம். ஆனாலும் சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டெஸ்டர் இருக்கும். பக்கத்து வீட்டு அண்ணாச்சி கடலைமிட்டாய் போட்டு விற்பவர். அவர் வீட்டுக்கும் நான்தான் டைரக்ட் போட்டேன். கூலி அரைக் கிலோ கடலைமிட்டாய். எங்கள் வீட்டுப் பெட்டியில் மட்டும் கை வைக்க என் மனைவி விடவில்லை.

அன்று மதியம் மூன்று மணி இருக்கும். மேற்கே கறுத்து, பேய்க்காற்று அடித்து, கோடையின் முதல் மழை சடசடவென்று இறங்கியது. மண்வாசனையை அனுபவிக்கலாம் என்று ஜன்னலைத் திறந்தேன். 'டக்' என்றது பெட்டி. மின்விசிறி ஓய்ந்தது. 'புஸ்... புஸ்' நின்றது.

ஆபத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை அன்று காலையில்தான் நிரப்பக் கொடுத்திருந்தோம். சாயங்காலம் வரும் என்றார்கள்.

மனைவி அண்ணனின் விரலில், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப்பை மாட்டி எண்ணைப் பார்த்தாள். "தொண்ணூத்தொண்ணு" என்றாள். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி வீட்டு வராந்தா பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஆக, தெருவில் கரண்ட் இருக்கிறது. நம்ம வீட்டுப் பெட்டிதான் வம்பு பண்ணுகிறது! இதற்காகத்தானே இத்தனை நாள் டெஸ்டரைச் சுமந்தேன் என்று நினைத்துக்கொண்டு, துண்டு வயரும் கையுமாகப் போர்டுக்கு ஓடினேன். ஸ்டூலில் ஏறினேன்.

"எண்பத்தாறு. ஏங்க, சீக்கிரம்!"

பெட்டியின் மூடியில் இரண்டே திருகுகள். மற்ற வீடுகளில் வெற்றிலை போட்டுக்கொண்டே கழற்றியிருக்கிறேன். அன்று டெஸ்டரின் முனை திருகில் உட்காரவே மறுத்தது. உட்கார்ந்தால் வழுக்கியது. ஒரு திருகைக் கழற்றிவிட்டேன். அது கையிலிருந்து நழுவி, துள்ளி, செருப்புகளுக்குள் போய் விழுந்தது. அது எனக்குத் தேவையே இல்லாத திருகு. இருந்தும் ஸ்டூலை விட்டு இறங்கித் தவழ்ந்து தேடினேன்! மூளை அந்த லட்சணத்தில் இருந்தது. மெயின் சுவிட்சை அமர்த்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்ற முதல் பாடமே ஞாபகத்தில் இல்லை.

திரும்பிப் பார்த்தால், மச்சான் கட்டிலில் உட்கார்ந்து முன்னால் சரிந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பேச முடியாமல் கையை மட்டும் வேகவேகமாக ஆட்டினார். சீக்கிரம் போடச் சொல்கிறார் என்று எனக்கு இன்னும் பதறியது.

"எண்பத்திரெண்டு..." மனைவியின் குரல் உடைந்துவிட்டது.

மறுபடியும் ஸ்டூலில் ஏறினேன். இரண்டாவது திருகும் கழன்றது. மூடியைத் திறந்து வயரின் நுனியைப் பல்லால் சீவினேன். வேர்வையில் வயர் வழுக்கிக் கீழே விழுந்தது. ஸ்டூலில் நின்றபடியே குனிந்து எடுத்தேன். நிமிர்வதற்குள் பக்கத்து வீட்டில் 'படார்' என்று ஒரு வெடி. நான் ஸ்டூலோடு சாய்ந்து விழுந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணாச்சி கத்தினார். "ஓய்! எங்க வீட்டுல டிவி வெடிச்சிட்டு வே! பிரிட்ஜில பொகை வருது! ஒம்ம மெயினை அமத்தும், எதுலயும் கைய வச்சிராதீரும்!"

கிடந்த கிடையிலேயே ஜன்னலைப் பார்த்தேன். அவர் வராந்தா பல்பு, வெல்டிங் பட்டறையில் தெறிக்கிற மாதிரி கண் கூசும் வெள்ளையில் எரிந்து, பட்டென்று அணைந்தது. கையில் வயரோடு அப்படியே உறைந்துவிட்டேன்.

மனைவிதான் ஓடி வந்து, என்னைத் தாண்டி மெயினை அமர்த்தினாள். நிலைமையைக் கேட்ட அண்ணாச்சி, புகைகிற வீட்டின் மெயினை அமர்த்தியதோடு அதைத் தன் மனைவியிடம் விட்டுவிட்டு, தன்னுடைய லோடு ஆட்டோவைக் கிளப்பினார். மச்சானைத் தூக்கி முன்னால் உட்கார வைத்தோம். மனைவி அவரைத் தாங்கிக்கொண்டாள். நான் பின்னால், கடலைமிட்டாய் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே மழையில் நனைந்துகொண்டு நின்றேன். ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரம்தான். அந்தப் பத்து நிமிடமும் முன்னாலிருந்து அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே போனேன். வெல்லப்பாகு வாசனை வந்தால் இன்றும் என் காது அந்த அழுகைச் சத்தத்தைத் தேடும்.

பிழைத்துக்கொண்டார். முகமூடி வழியாக ஆக்சிஜன் ஏறி, எண் தொண்ணூறைத் தாண்டியதும் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்: "மாப்ளே, பக்கத்து வீட்டு பல்பு எரியுத எரிப்பைப் பாத்துட்டு, வேண்டாம் வேண்டாம்னு கைய ஆட்டுதேன். நீரு என்னடான்னா முன்னைய விட வேகமா திருகுதீரு! நல்லவேளை, ஒம்ம கை நடுங்கிச்சி."

சாயங்காலம் லைன்மேன் வந்து விளக்கினார். ஈரம் பட்டதும் மண் இளகி, ஒரு கம்பம் காற்றில் சாய்ந்து, கரண்டைத் திருப்பி அனுப்பும் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கிறது. அது அறுந்தால் சில வீடுகளுக்கு வர வேண்டிய வோல்டேஜைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குகூட வந்துவிடுமாம். திறந்து கிடந்த எங்கள் பெட்டியையும் கீழே கிடந்த வயரையும் பார்த்துவிட்டு, "இதைக் கொடுத்திருந்தா மெஷின் கரிக்கட்டைதான் சார். நீங்களும்தான்" என்றார், மிக மரியாதையாக.

அண்ணாச்சி வீட்டில் டிவி, பிரிட்ஜ், மிக்ஸி எல்லாம் போய்விட்டன. அங்கே பெட்டி இருந்தும் பயனில்லாமல் செய்தது என் கைவேலை. போய் நின்றேன். அவர் என் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை உருவி, தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். "இனி நீரு பேனா வச்சிக்கிடும்" என்றார். அவர் மனைவி ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

மச்சான் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் நிறைந்த சிலிண்டர்கள் இரண்டு நிற்கின்றன. இன்றும் பெட்டி 'டக்' என்று அணைந்தால் மனைவி சிலிண்டரைத் திறப்பாள், மச்சான் என் கையைப் பார்த்துச் சிரிப்பார். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி நிற்பேன். நடுங்கிய கை எனக்கு இப்போது அவமானமாகத் தெரியவில்லை. அத்தனை வீடுகளிலும் நடுங்காமல் திருகிய அதே கையை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.