திருப்திதானா என்று கேட்டார் நீதிபதி

ஓடெட் கிலோரி கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் அவளைத் திட்டுவதற்கு எனக்கு வசதியாக இருக்கும்.

வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்கு அமெரிக்காவில் எங்கள் லூசியானா மாநிலத்தில் அரசாங்கமே ஒரு வக்கீலைக் கொடுக்கும். எங்கள் ஊர்க் கோர்ட்டில் அது ஓடெட். இறால் படகுக்காரர் மகள். பெரிய கம்பெனி கூப்பிட்டும் போகாதவள். கேஸ் கட்டுகளைத் துணி துவைக்கப் போடும் கூடையில் அள்ளிப்போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வருவாள். சாப்பாடும் வராந்தாவில் நின்றபடியே. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், எல்லாரும் "கண்ணு"தான். இத்தனை பேரை ஒருத்தி தலையில் கட்டினால் பெயர் எங்கே ஞாபகம் இருக்கும்?

என் மகன் குளோவிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். மாதா கோயில் ஜெனரேட்டரைத் திருடினான் என்று உள்ளே போட்டுவிட்டார்கள். ஓடெட் அவனைப் பார்த்ததே கோர்ட் வாசலில்தான்.

"ஒத்துக்க கண்ணு, இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். ஜட்ஜ் என்ன கேட்டாலும் 'ஆமாங்கய்யா'ன்னு சொல்லு."

"ஒத்துக்கிட்டா திருடன்னு ஆயிடுமே. அப்புறம் பஸ்ஸை யாரு குடுப்பா?"

"எதிர்த்து நின்னா விசாரணை வர வரைக்கும் ஜெயிலுதான். அப்பவும் பஸ் இல்ல."

சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

"உன் வக்கீல் செஞ்சது உனக்குத் திருப்திதானா?" என்று நீதிபதி கேட்டார். எல்லாரும் தலையாட்டிவிட்டுத் தாண்டிப்போகிற கேள்வி.

"தெரியலீங்கய்யா. இவங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்றான் என் பிள்ளை.

கோர்ட்டே சிரித்தது. இப்படி ஒப்புக்கொண்டால் செல்லாது என்று நீதிபதி அவனைத் திரும்ப ஜெயிலுக்கே அனுப்பிவிட்டார்.

ஓடெட் வெளியே வந்து என்மேல் பாய்ந்தாள். "என்ன கண்ணு, ஒரே ஒரு வார்த்தை! 'ஆமா'ன்னா உங்க புள்ளைக்கு வாயா தேஞ்சிடும்?"

"பொய் சொல்லாதேன்னு வளத்தேன். தப்பு எம்மேலதான்."

"இப்படி அவசரப்படுத்த எனக்கு மட்டும் ஆசையா? என் கூடையப் பாருங்க!"

"அதை எறக்கி வெச்சிட்டு உக்காரு. ஜெனரேட்டர் காணாமப்போன அன்னிக்குச் சாயங்காலம் அவன் எங்க இருந்தான்னு ஒரு தடவையாவது கேட்டியா?"

படியில் உட்கார்ந்தாள். "எங்க இருந்தான்?"

"பக்கத்து ஊரு மேட்சுக்குப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போயிருந்தான். பஸ் நெறைய சாட்சி."

"இதை ஏன் யாருமே எங்கிட்ட சொல்லல?"

"யாரு கேட்டா?"

அங்கேயே உட்கார்ந்து விளையாட்டு வாத்தியாருக்குப் போன் போட்டாள். அடுத்த வாரம் கேஸ் தள்ளுபடி. ஆனால் அதற்குள் பள்ளிக்கூடத்தில் வேறு ஆளை பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டார்கள்! அது ஓடெட்டின் வேலையே இல்லை. இருந்தும் மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கே போய் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டு, பஸ் சாவியைக் குளோவிஸ் கையில் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கோர்ட்டுக்குப் போனாள்.

ஏன் தாமதம் என்று நீதிபதி வறுத்தெடுத்தாராம். அவளுக்காக வாசலில் காத்துக்கிடந்தவர்களும் திட்டினார்களாம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானாக இருந்தாலும் திட்டியிருப்பேன்.