முதல் தண்ணீர்

தெருமுனைக் குழிக்குள் இறங்கி, வால்வின் மேல் நிறுத்திய நீளச் சாவியில் காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் தண்ணீர்க்காரர். குழாய்க்குள் தண்ணீர் வந்துவிட்டால் அந்த இரும்பு அவருக்குச் சொல்லிவிடும். "வந்துட்டா மகராசி," என்று சாவியைத் திருகுகிறார்.

தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். விடாத நாளில் குழாய் காலியாகக் கிடக்கும். ஒட்டினாற்போல் ஓடும் சாக்கடை விரிசல் வழியே உள்ளே கசியும். குழாயை மாற்ற வந்த பெரிய மனிதர்கள் அளந்து பார்த்துவிட்டுப் போனதோடு சரி. அதனால் இவர் முதல் தண்ணீரைத் தெருவில் ஓட விடுவார். பிறகு ஒரு பாட்டிலில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, தானே ஒரு வாய் குடித்த பிறகுதான் குடம் வைக்க விடுவார். வரிசையில் நிற்கும் பெண்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். "ஏசுங்கம்மா, நல்லா ஏசுங்க. நீங்க முடிக்கறதுக்குள்ள தெளிஞ்சிடும்," என்பார். முகத்தில் சிரிப்பு மட்டும் இருக்காது.

தன் சொந்தத் தெருவை எப்போதும் கடைசியில்தான் திறக்கிறார். முன்பெல்லாம் அப்படியில்லை. வேலைக்கு ஓடும் மருமகள் குடத்தோடு காத்துக் கிடக்கக் கூடாதே என்று, ஊருக்கு முன்னால் அந்தத் தெருவுக்குத்தான் திறப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால், மழைக்காலத்தில் ஒரு நாள், அவள் அவசரத்தைப் பார்த்து முதல் தண்ணீரையே பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நடை பழகிக்கொண்டிருந்த பேத்திக்கு மறுநாள் வாந்தியும் பேதியும். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனுஷர் அழுதாவது தீர்த்திருப்பார். "பாசத்துல தொறந்தேன். பகையாளிகூட அப்படிச் செய்யமாட்டான்," என்று குழிக்குள் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அன்றிலிருந்து மருமகள் அவர் திறந்துவிடும் தண்ணீரைத் தொடுவதில்லை. அடுத்த குழந்தைக்கு நிறைமாதமாக இருந்தபோதுகூட மூன்று தெரு தள்ளிப் போய், கைப்பம்பில் அடித்து, இடுப்பொடியச் சுமந்து வந்தாள்.

இன்று அந்தப் பம்பு பழுது. அவளுக்கு வேறு வழியில்லை. தண்ணீர்க்காரர் வழக்கத்தைவிட நெடுநேரம் ஓட விட்டு, ஒரு குடம் பிடித்துத் தானே தூக்கி வந்து வாசலில் இறக்குகிறார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருமகள் நிலைப்படியில் நிற்கிறாள். அவள் பார்க்கும்படி ஒரு டம்ளர் மொண்டு முழுவதும் குடிக்கிறார்.

"நல்லா இருக்கும்மா. காய்ச்சியே குடு."

குழந்தை அவர் கையிலிருக்கும் ஈர டம்ளரைப் பார்த்துத் தாவுகிறது. மருமகள் குழந்தையை அவருக்கு எட்டாத மறு இடுப்புக்கு மாற்றிக்கொள்கிறாள்.