அம்மா முட்டை உடைத்தாள்

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புனேவுக்குப் பக்கத்தில் தேஹு ரோட்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில், என் அம்மா ஒற்றைக் கையால் ஒரு முட்டையை உடைத்தாள். பாத்திரத்தின் விளிம்பில் ஒரு தட்டு, கட்டைவிரலால் ஒரு நெம்பு. வெள்ளையும் மஞ்சளும் மாவின் நடுவிலிருந்த குழியில் போய் விழுந்தன. கை நடுங்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்த நான் அப்படியே நின்றேன்.

எங்கள் வீட்டில் முட்டை நுழைந்ததே கிடையாது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பத்துப் பிள்ளை. ராணுவக் கிடங்கில் வேலை கிடைத்து இங்கே வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். பள்ளி நாட்களில் ஸ்டேஷன் எதிரே ஆம்லெட் பாவ் தின்றுவிட்டு வந்தால், அம்மா எப்படியோ கண்டுபிடித்துவிடுவாள். குளித்துவிட்டு வந்தால்தான் தட்டு வைப்பாள். அந்த அம்மா!

எல்லாம் என் மனைவியின் அலுவலகத்தில் தொடங்கியது. அவள் கோயம்புத்தூர்க்காரி, ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை. கிறிஸ்மஸுக்கு ஆளுக்கு ஒரு பலகாரம் வீட்டில் செய்து கொண்டுவர வேண்டும் என்று அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவள் பிளம் கேக்கும் கலகலாவும் என்று சொல்லிவிட்டாள்.

"அத்தை, முட்டை போடாம சரியா வராதுங்க. தனிப் பாத்திரத்துல பண்ணிக்கட்டுங்களா?" என்று கேட்டபோது, "பண்ணேன், எனக்கென்ன" என்று அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். வயதாகிவிட்டது, மனது இளகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று கேக் ஓவனுக்குள் போய்விட்டது. ஆரஞ்சுத் தோலும் பட்டையும் கலந்த மணம் வீடு முழுக்கப் பரவியிருந்தது. கலகலா மாவுதான் சொன்னபடி கேட்கவில்லை. மனைவி போனைச் சாய்த்து வைத்து வீடியோ பார்த்து உருட்ட உருட்ட, மாவு வெடித்து உதிர்ந்தது. மேசையில் மேத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"அரே, தள்ளும்மா." மாவை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தாள். "ஒரு முட்ட கொறையுது. தேங்காப்பால் ஊத்தலியா நீ?"

அப்புறம்தான் அந்த முட்டை. பிசைந்து முடித்ததும் முள்கரண்டியைக் குப்புறப் பிடித்து, முதுகில் எண்ணெய் தடவி, சுண்டைக்காய் அளவு மாவைக் கிள்ளி வைத்து அழுத்தி ஒரு சுருட்டு சுருட்டினாள். வரி வரியாக ஒரு குட்டிச் சங்கு தட்டில் விழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இன்னும் நாலைந்து விழுந்துவிட்டன.

"எப்ப அத்தை யூடியூப் பாத்தீங்க?" என்று மனைவி சிரித்தாள்.

"யூடியூப்பா? டிசம்பர் பொறந்தா எங்க வீட்டுல இதாம் வேல. தெரு பூரா குடுக்கணும்லா. எங்க அப்பா உபதேசியாரு."

எனக்கு அந்தச் சொல் புரியவே சற்று நேரம் ஆனது. மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது. "சர்ச்சுலயா அத்தை?"

"பின்ன எங்க?"

எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த கதை வேறு. அம்மாவுக்குப் பெற்றோர் சிறுவயதிலேயே இறந்துவிட்டார்கள், உடன்பிறந்தவர்கள் யாருமில்லை, மதுரையில் ஹாஸ்டலில் வளர்ந்தாள். அதனால்தான் லீவுக்கு ஊருக்குப் போனால் அப்பா வீட்டோடு சரி. எனக்கு நாற்பத்தாறு வயது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்தாத ஒரே பையன் நான்தான் என்று அப்பா வீட்டில் கேலி செய்வார்கள்.

"அம்மா, நீ என்ன சொல்லுத?" என்றேன். என் குரல் எனக்கே கத்தலாகக் கேட்டது.

அவள் மாவைக் கிள்ளுவதை நிறுத்தவில்லை. "கத்தாதல. அக்கம்பக்கத்துல கேக்கும். உங்க அப்பாவ நான் விரும்பித்தான் கட்டினேன். எங்க வீட்டுல தெரிஞ்சிருந்தா வெட்டிப்போட்டிருப்பாவ. அவிய வீட்டுல தெரிஞ்சிருந்தா உள்ள ஏத்திருக்க மாட்டாவ. அதாம் அனாதப் பிள்ளன்னு உங்க அப்பா சொல்லிட்டாவ. பேரும் அவியதான் வச்சாவ."

"பேரா?"

"பின்ன, எங்க அப்பா வச்ச பேரச் சொன்னா அன்னிக்கே தெரிஞ்சுபோயிருக்குமே."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து பாஸ்போர்ட் வரை, தாயார் பெயர் என்ற இடத்தில் நான் எழுதிவந்தது அப்பா கண்டுபிடித்த ஒரு பெயர். அவளுடைய அசல் பெயரை அன்று சொன்னாள். ஆனால் வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டதால் இங்கே எழுதவில்லை. அழகான பெயர். அதை வைத்து யாரும் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"அப்பா போயி ரெண்டு வருஷமாச்சே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?"

"அவிய சொன்ன பொய்யி. அவிய செத்தப்புறம் அத ஒடச்சு, அவிய பேரக் கெடுக்கவா? இன்னிக்கி வாய் தவறிட்டு. என்ன செய்ய." கொஞ்சம் யோசித்து, "கேக் மணத்துல வந்துட்டு" என்றாள்.

மனைவி எண்ணெயை அடுப்பில் வைத்தாள். அவளுக்கும் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது போல. முதல் ஈடு பொரிந்துகொண்டிருக்கும்போது அவள்தான் மெல்லக் கேட்டாள். "உங்க வீட்டுல இப்ப யாரும் இருக்காங்களா அத்தை?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள். அதில் "ஊர் டீச்சர்" என்று ஒரு எண் உண்டு. அதைப் பதிந்து கொடுத்ததே நான்தான். பழைய தோழி யாரோ என்று நினைத்திருந்தேன். அம்மா வீடியோ அழைப்பை அழுத்தி, போனை என் கையில் திணித்தாள்.

திரையில் என் அம்மா தெரிந்தாள்.

அதே நெற்றி, அதே மேலுதடு, சிரிக்கும்போது இடது பக்கம் இழுத்துக்கொள்ளும் அதே வாய். திருநீறு மட்டும் இல்லை. பின்னால் சுவரில் ஒரு காகித நட்சத்திரம் தொங்கியது.

"ஏ அக்கா, என்ன இந்நேரத்துல..." என்று தொடங்கிய அந்த முகம் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அப்புறம் மெதுவாக, "சொல்லிட்டியாக்கா?" என்றது.

"சொல்லிட்டேன்" என்று அம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

"எய்யா, முதுகுவலி இப்ப எப்படி இருக்கு? அந்த பெல்ட்டு போடுதியா?"

அதுதான் என்னை அடித்துப் போட்டது. எனக்கு முதுகுத் தண்டில் வலி என்பது அலுவலகத்தில்கூடத் தெரியாது. இந்தச் சித்திக்குத் தெரிந்திருக்கிறது. நான் பத்தாவதில் கணக்கில் தோற்றது, கல்யாணத்தில் மழை பெய்து பந்தல் சாய்ந்தது எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சின்னவனாக இருந்தபோது ஞாயிறு சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் காய்கறி வாங்கப் போகிறோம் என்று கிளம்பி, முதலில் நின்றது இவளோடு பேச ஸ்டேஷன் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில். அப்பா வெளியே பையோடு காத்திருப்பாராம். அம்மாவின் அப்பா சாகும்வரை மகளின் பேரைச் சொல்லவில்லை. தங்கைக்காரி மட்டும் பள்ளிக்கூட வேலைக்குப் போன நாள் முதல் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"ஒரு தடவ சித்தின்னு கூப்பிடேன்" என்றாள் அவள்.

எனக்கு வரவில்லை. கோபமா என்றால் கோபமும்தான். என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்தவளை எனக்குத் தெரியாமல் வைத்திருந்தார்களே! போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டேன். உள்ளே, கலகலாவுக்குச் சர்க்கரைப் பாகு எந்தப் பதம் என்று அக்காளும் தங்கையும் சண்டை போடும் சத்தம் கேட்டது.

கிறிஸ்மஸ் அன்று காலை, புனே கேம்ப் பகுதியில் தமிழ் ஆராதனை நடக்கும் சர்ச்சுக்குக் கூட்டிப்போகட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். தலைகோதிக்கொண்டே, "வேண்டாம்யா. முருகனுக்குப் பழகிட்டு" என்றாள். பிறகு, "உனக்குப் போணும்னா போய்ட்டு வா" என்றாள். நான் போகவில்லை. மூவரும் டீயில் கேக்கைத் தொட்டுத் தின்றோம். அம்மா இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். முட்டை போட்ட கேக்கை அவள் தின்பதை நான் வெறித்துப் பார்ப்பதாக மனைவி என் காலை மிதித்தாள்.

பொங்கல் கழிந்து சித்தி வந்தாள். புனே ஸ்டேஷனில் பெட்டியிலிருந்து இறங்கியவள், பல வருடங்களாக நான்தான் வந்து அழைத்துப்போகிறவன் போல, பையை என் கையில் கொடுத்துவிட்டு, "இம்புட்டுக் குளிருல எப்படிடா கெடக்கிய?" என்றாள்.

"பழகிட்டு சித்தி" என்றேன். அந்தச் சொல் அதுவாக வந்தது.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா அசையாமல் நின்றாள். சித்தியும் வாசலிலேயே நின்றாள். இருவரும் நேரில் பார்த்து ஐம்பது வருடம் ஆகியிருக்கும். அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. ஒருவர் தலையை ஒருவர் பார்த்தார்கள். "எம்புட்டு நரைச்சுட்டுட்டி உனக்கு" என்று அம்மா சொன்னாள். யாரையும் "ட்டி" போட்டுப் பேசும் அம்மாவை அதுவரை நான் பார்த்ததில்லை.

இன்னொரு பை ஆட்டோவில் இருந்தது. எடுக்கக் கீழே இறங்கினேன்.