அவர் சொல்லும் ரைட்

என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை விழுந்த வருஷம்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆசைப்பட்டு இல்லை. வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும், பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாண்டிக்குக் கிளம்புகிற மனுஷனை வேறு எப்படி நிறுத்துவது? "நான் ஓட்டலன்னா வேற யாரு ஓட்டுவா? நீயா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு வந்த எரிச்சலில், லைசென்ஸ் வந்த அன்றைக்கே சாவி என்னிடம் வந்துவிட வேண்டும் என்று அவரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டுத்தான் எல்.எல்.ஆர். போட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. வில்லியனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயில் தெருவில் கார் என்று இருந்தது எங்கள் பழைய பியட் ஒன்றுதான். கற்றுக்கொடுக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அல்ஜீரியாவில் லாரி ஓட்டியவர். லைசென்ஸை பெர்மி என்பார். "எனக்குப் பெர்மி குடுத்தது பிரான்ஸ் சர்க்காருடி" என்பதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நான் கேட்டாக வேண்டும்.

கரிக்கலாம்பாக்கம் ரோட்டில் பாடம் தொடங்கியது. வண்டிகள் ஏறி மிதித்துப் போகட்டும் என்று ரோட்டிலேயே கேழ்வரகைப் பரப்பி வைத்திருப்பார்கள். நடுவில் ஆடு படுத்திருக்கும். கரும்பு வண்டிக்காரர் மாட்டை நம்பித் தூங்கிக்கொண்டு வருவார். இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளைத்தான் சமாளிக்க முடியவில்லை.

"கிளட்ச்ச வுடு! இன்னாத்துக்கு வுட்ட? புடி!" இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதிப்பார். எதிரில் பஸ் வந்தால் நான் இடப்பக்கம் ஒதுங்குவேன். உடனே "ரைட்ல போ, ரைட்ல போ" என்று கத்துவார். எனக்குக் கை கால் எல்லாம் குழம்பிப்போகும்.

"ஏங்க, ரைட்டுலதான் பஸ்ஸு வருது. அதும் மேலயா போவச் சொல்றீங்க?"

"நான் லெப்ட்டுன்னுதான் சொன்னேன்."

"ரைட்டுன்னீங்க. என் காதால கேட்டேன்."

"அப்பிடியே சொல்லியிருந்தாலும், சரிங்கற ரைட்டு அது. கண்டக்டர் சொல்றதில்ல? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்டியரிங் என் கையில் இல்லாமல் இருந்தால் என்ன செய்திருப்பேனோ.

பிறகுதான் விஷயம் புரிந்தது. பிரான்ஸ்காரன் ஊரில் வண்டிகள் வலப்பக்கம் போகுமாம், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்குமாம். நம் வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்வரை அவர் ஒழுங்காக இடப்பக்கம்தான் போனார். எனக்குச் சொல்லிக்கொடுக்க இடப்பக்க சீட்டுக்கு மாறியதும், அவர் உடம்பு அந்தப் பட்டாளத்து லாரியில் போய் உட்கார்ந்துகொண்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இந்தப் பட்டாளத்துப் பழக்கம் எங்கள் இரண்டு பேரையும் சுடுகாட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடும்போல இருந்தது. இதைச் சொன்னதற்கு அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. பட்டினி கிடக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

டெஸ்ட்டில் மெயின் ரோட்டில் ஓட்டச் சொல்வார்கள் என்று ஒரு காலையில் பாகூர் வழியாகக் கடலூர் ரோட்டுக்கு வந்தோம். பிள்ளையார்குப்பம் தாண்டியதும் எதிரில் ஒரு கரும்பு வண்டி. அதன் பின்னால் வந்த லாரிக்காரனுக்குப் பொறுமை இல்லை. வண்டியை முந்துவதற்காக நேராக எங்கள் பக்கம் ஏறிவிட்டான். நான் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் மண்ணில் இறக்கத் தொடங்கினேன்.

"அ த்ருவாத்! அ த்ருவாத்!" என்று அலறினார் அவர். வலப்பக்கம் என்பதற்குப் பிரெஞ்சு அது. அலறியதோடு விடவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்பக்கம், லாரியைப் பார்த்துத் தள்ளினார். என் பலம் முழுக்க முழங்கையில் வைத்து அவர் கையை இடித்தேன். கை விட்டது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். லாரி ஹாரனை அழுத்தியபடி உரசாத குறையாகப் போனது. எங்கள் வண்டி மண்ணில் இறங்கி, ஒரு புளியமரத்துக்கு முன்னால் குலுங்கி நின்றது. மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த மணப்பட்டுப் பெண்கள் லாரிக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டினார்கள்.

நான் இவரைத் திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "ஓட்டக் கத்துக் குடுக்கறீங்களா, சாவக் கத்துக் குடுக்கறீங்களா? புள்ளைங்க பின்னால இருந்திருந்தா?"

அவர், நான் இடித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "நான் லெப்ட்டுலதான தள்ளுனேன்?"

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். இத்தனை நாளும் வீம்புக்குச் சாதிக்கிறார் என்று நினைத்து வெந்துகொண்டிருந்தேனே, அவர் நிஜமாகவே லெப்ட் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு தடவையும் ரைட் என்றிருக்கிறார். என் கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை.

"இல்லீங்க" என்றேன்.

அவர் இறங்கினார். கதவைச் சாத்திவிட்டு, பின் கதவைத் திறந்து, பிள்ளைகள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் வண்டியை மண்ணிலிருந்து ரோட்டில் ஏற்றினேன். பஸ் வந்தது, மாட்டு வண்டி வந்தது. பின்னால் சத்தமே இல்லை. வாயை மூடுங்கள் என்று எத்தனை நாள் அவரிடம் கெஞ்சியிருக்கிறேன். மூடிய பிறகு அதுவும் தாங்கவில்லை.

"ஏதாவது சொல்லுங்களேன்" என்றேன்.

பின்னாலிருந்து சொன்னார்.

"லெப்ட்லயே போ. நான் இன்னா சொன்னாலும் கேக்காத."