குளியல் தொட்டிக் காட்சி

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். ரோமில், 1972ஆம் வருடம் இலையுதிர் காலத்தில், நீவெஸ் என்ற பெண்ணுக்கு நடந்தது. அவளுடைய நாத்தனார் டெல்ஃபினா பாதியைக் கண்ணால் பார்த்தவள். மீதியை நீவெஸே சொன்னாள். சொல்லும்போது இரண்டு முறை எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

நீவெஸின் வேலை கத்துவது. எங்கள் ஊரில் அப்போதெல்லாம் படங்களைச் சத்தமில்லாமல்தான் எடுப்பார்கள். குரலைப் பிறகு ஸ்டுடியோவில் சேர்ப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த நடிகைகள் திரையில் வாயைத் திறக்க, நீவெஸ் இருட்டறையில் மைக்கின் முன் நின்று அலறுவாள். ஜல்லோ என்ற கொலை மர்மப் படங்கள் சக்கைப்போடு போட்ட காலம் அது. கையுறை போட்ட கொலைகாரன், ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகச் சாகும் அழகிகள், கடைசி ரீலில் உடையும் மர்மம். ஒரே வருடத்தில் நீவெஸ் பதினோரு பெண்களுக்காகச் செத்திருந்தாள். அவளுக்கு அது சிரிப்பான பிழைப்பு. கத்தி முடித்ததும் காபி குடிக்கப் போய்விடுவாள்.

"பளிங்குத் தவளை" படத்தில் மட்டும் சிரிக்க முடியவில்லை. பிர்தே என்ற டேனிஷ் நடிகையைக் குளியல் தொட்டியில் முக்கிக் கொல்லும் காட்சி. நீண்ட செம்பட்டை முடி தண்ணீரில் விரிந்து கிடந்தது. அவள் கண்களைப் பார்த்ததும் நீவெஸ் மைக்கை விட்டு ஓரடி பின்வாங்கினாள்.

"இந்தப் பொண்ணு நல்லா நடிக்குதே..." என்றாள்.

"அதுக்கேத்த மாதிரி கத்தும்மா. கெடுத்துடாதே," என்றார் டைரக்டர்.

கத்தினாள். பிர்தே ஊருக்குத் திரும்பிவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அத்தோடு அதை மறந்துவிட்டாள்.

படம் வெளியான அன்று மதிய ஆட்டத்துக்கு டெல்ஃபினா அவளை இழுத்துக்கொண்டு போனாள். தியேட்டர் முழுக்க சிகரெட் புகை. பின் வரிசையில் நாலு ஆண்கள் பூசணி விதையைக் கடித்துத் தோலைத் தரையில் துப்பிக்கொண்டிருந்தார்கள். முதல் பெண் செத்தபோது அவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது பெண்ணுக்கு விசில் அடித்தார்கள்.

"அடுத்தது யாருடா? அந்த செம்பட்டையா?"

"அவளா? ஐயோ, அவளைக் கடைசியா வெச்சிருக்கலாம்!"

குளியல் தொட்டி வந்தது. கருப்புக் கையுறை அவள் தலையை அழுத்தியது. நீவெஸின் அலறல் தியேட்டரை நிறைத்தது.

டெல்ஃபினா அவள் காதில் குனிந்தாள். "அண்ணி, உன் தொண்டைக்கு ஒரு கோயிலே கட்டலாம்!"

நீவெஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

பேச்சு வரவில்லை.

தொண்டையில் ஏதோ இருந்தது. மெல்லியதாக, ஈரமாக. நாக்கின் அடியிலிருந்து மெதுவாக மேலே ஏறியது. இரண்டு விரலை உள்ளே விட்டுப் பிடித்தாள். இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது... முழங்கை நீளத்துக்கு வந்தது.

முடி.

நீவெஸின் தலைமுடி கருப்பு. ஆண்பிள்ளை போல ஒட்ட வெட்டியிருப்பாள்.

வாய் முழுக்கச் சாக்கடை ருசி. சுற்றிலும் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் அவள் சுவரோரமாக வாந்தி எடுத்தாள். பார்த்தவர்கள் படத்தின் பயங்கரம் என்று நினைத்துக்கொண்டார்கள். "பாத்தியா? வாந்தி வருதாம்! நாளைக்கும் வரணும்டா," என்றான் பூசணி விதைக்காரன். மேல்கோட்டு போட்ட கிழவர் ஒருவர், "அசிங்கம், படமா இது?" என்று திட்டினார். ஆனால் அவர்கூடக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

மறுநாள் பத்திரிகைகள் அந்தப் படத்தைக் குப்பை என்று எழுதின. டிக்கெட் வரிசை இரண்டு மடங்கானது.

நீவெஸ் வீட்டில் பாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் முள்கரண்டியைக் கீழே போட்டாள். வாயிலிருந்து இழுத்தாள்.

"சீ! என் சமையல்ல முடியா?" என்று டெல்ஃபினா பதறினாள். பிறகு அதன் நிறத்தைப் பார்த்தாள். நீளத்தைப் பார்த்தாள். அதிலிருந்து சொட்டிய தண்ணீரையும் பார்த்தாள்.

"அண்ணி... இது யாரோடது?"

கடிகாரத்தை முதலில் கவனித்தது டெல்ஃபினாதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தக் காட்சி ஓடும் நேரத்தில்தான் அது வந்தது. மதியம். சாயங்காலம். முன்னிரவு. பேருந்தில் இருந்தாலும், மாதா கோயிலில் மண்டியிட்டிருந்தாலும் வந்தது. ஒருமுறை திருப்பலி அப்பத்தோடு சேர்ந்து வந்தது. நீவெஸ் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

இரண்டாவது வாரம் ஒரு நீதிபதி படத்தைத் தடை செய்து பெட்டிகளைக் கைப்பற்றினார். அன்று ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நீவெஸ் வயிறு நிறையச் சாப்பிட்டாள், தூங்கினாள். "தொலஞ்சுதுடி பீடை," என்று டெல்ஃபினாவைக் கட்டிக்கொண்டாள்.

ஒரே வாரத்தில் தடை நீங்கியது. தடை செய்யப்பட்ட படம் என்று பெரிய எழுத்தில் போஸ்டர் ஒட்டினார்கள். ஊரே திரண்டது. கூடுதலாக மூன்று தியேட்டர்களில் போட்டார்கள். நாலு இடம், நாலு வேறு நேரம்...

இப்போது ஒற்றை முடியாக வரவில்லை. கற்றையாக வந்தது. சோப்பு நுரை ஒட்டிய கற்றை.

அவள் டைரக்டரிடம் போனாள். "அந்தக் காட்சியை வெட்டிடுங்க சார். கையெடுத்துக் கும்பிடறேன்."

அவர் சிரித்தார். "அதுக்குத்தானேம்மா ஜனம் வருது? கறியை எடுத்துட்டு எலும்பைப் பரிமாறச் சொல்றியா?"

"அந்தப் பொண்ணு பிர்தே எங்க இருக்கா? விலாசம் குடுங்க."

சிரிப்பு நின்றது. "ஊருக்குப் போயிட்டா. நீ போய் உன் வேலையப் பாரு."

மறுநாள் மதியம் நீவெஸ் டெல்ஃபினாவோடு தியேட்டர் வரிசையின் முன்னால் போய் நின்றாள். "பாக்காதீங்க! வீட்டுக்குப் போங்க!" என்று கத்தினாள். குரல் கரகரத்துப் போயிருந்தது. வரிசை கைகொட்டிச் சிரித்தது. "விளம்பரத்துக்கு ஆள் போட்டிருக்காங்கடா!" ஒருவன் அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டான். கதவு திறந்ததும் எல்லோரும் முட்டி மோதிக்கொண்டு உள்ளே போனார்கள்.

வெளியே ஒருத்தி மட்டும் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். அந்தப் படத்துக்குச் சிகை அலங்காரம் செய்தவள், பெயர் ஒர்ஸோலா என்றாள்.

"நீங்க ஏன் உள்ள போகல?" என்று டெல்ஃபினா கேட்டாள்.

"என்னால முடியாது." ஒர்ஸோலா நீவெஸை உற்றுப் பார்த்தாள். "நீதானே குரல் குடுத்தது? நீ ஏன்மா இப்படி நிக்கிற?"

நீவெஸ் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள்.

ஒர்ஸோலா குனிந்து பார்த்தாள். தொடப் போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். உள்ளே படம் பாதி ஓடும்வரை வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தொட்டியோட அடியில, தண்ணி போற ஓட்டை... மூடி சரியில்ல. அவ முடியை உள்ள இழுத்துக்கிச்சு. எங்களுக்குத் தெரியல. கையுறை போட்டவன் அழுத்திக்கிட்டே இருந்தான். அவ காலை உதைச்சா. பிரமாதமா நடிக்கிறாள்னு நெனச்சோம். டைரக்டர், 'நிறுத்தாதே, கேமராவ ஓட்டு, ஓட்டு'ன்னாரு. அப்புறம் உதைக்கறது நின்னுடுச்சு. நான்தான் கத்தரியால முடியை வெட்டி வெளிய எடுத்தேன். ரெண்டு நாள் ஆஸ்பத்திரில கிடந்தா. கண்ணைத் திறக்காமலே செத்துட்டா."

"ஊருக்குப் போயிட்டாள்னு..."

"அப்படிச் சொல்லச் சொன்னாங்க. சொன்னோம்."

நீவெஸ் கைக்குட்டையை மடித்து மூடினாள். அந்தப் பெண் கத்தியிருக்கவே முடியாது. வாய் தண்ணீருக்குள் இருந்தது. அந்த வாய்க்குள் தன் குரலை வைத்தது...

"அக்கா," என்றாள். "அன்னிக்கு எடுத்த அந்த ஃபிலிமை... என்ன பண்ணாங்க?"

ஒர்ஸோலா மூடியிருந்த தியேட்டர் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே கைதட்டத் தொடங்கியிருந்தார்கள்.