கோல்கீப்பரின் ஷூ லேஸ்

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளின் கால்பந்து அணிக்குக் கோச். நல்ல மனிதர்தான், ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நட்டநடுவில் மண்டியிட்டு, கண்ணை மூடி, உரக்க வேண்டிக்கொள்வார். பிள்ளைகளும் சுற்றி மண்டியிடுவார்கள். கடவுளுக்குக் கேட்கிறதோ இல்லையோ, வாசல் காவலாளிக்குக் கேட்கும். கால்சட்டை முட்டியில் ஏறும் சேற்றைத் துவைக்கிறவள் நான். அந்தக் கடவுள் ஒருநாளாவது வந்து பிரஷ் பிடித்தாரா?

கோல்கீப்பர் ஒரு குட்டையான பெண். 'பூட்டு' என்று பட்டப்பெயர். அவளைத் தாண்டிப் பந்து உள்ளே போகாது. அவளைப் பற்றி இவருக்கு ஒரே கவலை.

"பாவம், அதோட ஷூ லேஸ் சரியில்லடி. நாங்க வேண்டிக்கிறப்பல்லாம் அது ஓரமா குனிஞ்சு கட்டிக்கிட்டே இருக்கு."

புது லேஸ் வாங்கிக் கொடுத்தார். அதுவும் அவிழ்ந்தது. இன்னும் தடிமனாக ஒன்று வாங்கினார். அதுவும் அவிழ்ந்தது. கடைக்காரனை வேறு திட்டிவிட்டு வந்தார்.

இதற்கிடையில் தலைமையாசிரியை கூப்பிட்டு, "நீங்க கும்பிடறதை யாரும் தடுக்கல சார். பிள்ளைங்களைச் சேத்துக்கிட்டு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து குதித்தாரே பார்க்கணும்!

"என் கடவுள்கிட்ட நான் பேச யார்கிட்ட அனுமதி வாங்கணும்? நான் யாரையாவது வான்னு கூப்பிட்டேனா? எந்தப் பொண்ணாவது வரலைன்னு சொல்லிச்சா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, ஆட்டம் முழுக்க ஓடிக் குதிச்சப்போ அவிழாத லேஸ், நீங்க மண்டி போட்டதும் எப்படிங்க அவிழுது?"

 மறுநாள் மனிதர் பூட்டிடமே கேட்டிருக்கிறார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாளாம்: "எங்க வீட்ல வேற சாமி சார். வரலைன்னு சொன்னா டீம்லேர்ந்து எடுத்துடுவீங்களோன்னு பயம்."

"அடிப்பாவி, உன்னை எடுத்துட்டு கோலுக்கு நானா நிப்பேன்?" என்று சிரிக்கப் பார்த்திருக்கிறார். அவள் சிரிக்கவில்லை.

வீட்டில் வந்து, "என்னைப் பாத்து ஒரு குழந்தை பயந்திருக்குடி" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாய்க்கு வந்த கேலியை நானும் விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த ஆட்டத்துக்கு நானும் போனேன். ஜெயித்தார்கள். விசில் ஊதியதும் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் நடுவில் கூடிவிட்டார்கள். இவரைக் காணோம். தேடினால், கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒற்றை முட்டியில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறார். உதடு மட்டும் அசைகிறது. கட்டுகிறார், கட்டுகிறார், முடிந்தபாடில்லை.

கைகுலுக்க வந்த எதிரணி கோச்சைப் பூட்டு இரண்டு கையையும் விரித்து மறித்தாள், கோலுக்கு நிற்கிற மாதிரியே.

"கொஞ்சம் இருங்க சார். எங்க சார் லேஸ் கட்டிக்கிட்டிருக்காரு."